வாஷிங் மெஷின் எபிசோட்

அந்த வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு யாருக்காவது உயிர் போவதாக இருந்தால், ஏழரை வரைக்கும் பொறுத்திருந்துதான் போக வேண்டும். ஆறரைக்கு ‘அண்டவெளி ஆம்புலன்ஸ்’ ஆரம்பித்துவிடும். அது டி.வி.யில் வந்து நின்றுபோய் ஒரு தலைமுறை ஆகிவிட்டது என்பது வேறு விஷயம். பழைய பதிவுகளை எங்கெங்கோ தேடிப் பிடித்து, வாரத்துக்கு ஒன்று என்று போட்டுப் பார்ப்பார்கள். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து.

கதை ஒன்றும் பிரமாதமில்லை. ஒரு விண்கலம். அதுதான் ஆம்புலன்ஸ். கிரகம் கிரகமாகப் போய் நோயாளிகளை ஏற்றிக்கொள்ளும். நோயாளி என்றால் நம்மைப் போல இருமலும் சளியும் இல்லை. காய்ச்சல் கண்ட எரிமலை, தூக்கம் வராத நிலா, இப்படி. கேப்டன் எதற்கெடுத்தாலும் சிரிப்பான். டிங் என்று ஒரு தகர நர்ஸ் உண்டு, அது எதற்கெடுத்தாலும் உருகும். அவ்வளவுதான். இதற்கா இந்த ஆட்டம் என்று நீங்கள் கேட்டால், அந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு கேட்காதீர்கள்.

ஆரம்பப் பாட்டு வந்ததும் எல்லாரும் எழுந்து நின்று, இரண்டு கையையும் தலைமேல் வைத்து ஆம்புலன்ஸ் விளக்கு மாதிரி சுழற்றிக்கொண்டு ‘வீ… ஊ… வீ… ஊ…’ என்று ஊளையிட வேண்டும். கீழ் வீட்டுக்காரருக்கு ஒருமுறை நிஜமாகவே நெஞ்சு வலி வந்து, நிஜமாகவே ஆம்புலன்ஸ் வந்தபோது, மாடி பால்கனியில் இவர்கள் வரிசையாக எழுந்து நின்று தலைமேல் கையைச் சுழற்றினார்கள். பழக்கதோஷம். அந்த மனுஷர் பிழைத்துக்கொண்டார். ஆனால் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இந்தக் கூட்டத்தின் தலைவன் வீட்டுக்காரன், லிஃப்ட் மெக்கானிக். அவனுடைய தங்கை பல் டாக்டர். இரண்டு தெரு தள்ளி கிளினிக். கிளினிக் மாடியிலேயே வீடு. அப்புறம் மெக்கானிக்கோடு பள்ளிக்கூடத்தில் படித்த பேக்கரிக்காரர். மிச்சமான பன்களோடு வந்து சோபாவில் முக்கால்வாசியை எடுத்துக்கொள்வார். மெக்கானிக்கின் அப்பா ரிட்டயரான பஸ் கண்டக்டர். “பைத்தியக்கார ஆஸ்பத்திரி தோத்துச்சுடா” என்று வாராவாரம் திட்டிக்கொண்டே வந்து உட்காருவார், பன்னுக்காக.

கடைசியாக மெக்கானிக்கின் மனைவி. மருந்துக்கடை வைத்திருக்கிறாள். பல் டாக்டருக்கு அண்ணி என்பதால் பேக்கரிக்காரருக்கும் அண்ணி, பேக்கரிக்காரர் கூப்பிடுவதைக் கேட்டு மருந்து வாங்க வருகிறவர்களுக்கும் அண்ணி. நமக்கும் அண்ணி என்றே இருக்கட்டும்.

அண்ணிக்கு ஒரு ரகசியம் உண்டு. அவள் ‘அண்டவெளி ஆம்புலன்ஸ்’ தொடரில் ஒரு எபிசோடைக்கூட முழுசாகப் பார்த்தது கிடையாது.

கல்யாணத்துக்கு முன்னால் முதன்முதலாகச் சந்தித்தபோது, “நீங்க அண்டவெளி ஆம்புலன்ஸ் பார்ப்பீங்களா?” என்று மெக்கானிக் கேட்டான். கேட்கும்போது அவன் காது மடல் இரண்டும் சிவந்திருந்தது. ‘உயிர்’ என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டாள். அந்தக் காது மடலுக்காகச் சொன்னதுதான். அதற்கப்புறம் பார்த்துவிடலாம் என்று எத்தனையோ முறை உட்கார்ந்தாள். காலையிலிருந்து கடையில் நின்ற கால், மெத்தென்ற சோபா, அரைகுறை வெளிச்சம். ஊளைச் சத்தம் அடங்குவதற்குள் தூங்கிவிடுவாள். அதுவும் சாதாரணத் தூக்கம் இல்லை, கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் வித்தை அவளுக்குக் கைவந்திருந்தது. பக்கத்தில் யாராவது மூக்கை உறிஞ்சினால், தூக்கத்திலேயே “ஐயோ பாவம்” என்பாள். இதுவரை ஒரு தடவைகூடத் தப்பாகப் போனதில்லை.

ஆனால் வெள்ளிக்கிழமை என்றால் அவளுக்கு உயிர். அது பொய் இல்லை. வீடு நிறைய ஆள், பன் வாசம், காரணமில்லாத சத்தம். அதைவிட, அண்ணனும் தங்கையும் ஒரே போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சின்னப் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அவளுக்கு மனசு நிறைந்துவிடும். அதைப் பார்த்துக்கொண்டேதான் தூங்குவாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ரசிகர்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ‘அந்த எபிசோட் நான் பார்க்கலை’ என்று யாரும் வாய் தவறிக்கூடச் சொல்லக் கூடாது. சில எபிசோடுகள் ஒரே ஒரு தடவை ஒளிபரப்பாகி, பதிவே இல்லாமல் அழிந்துபோனவை. அவற்றைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், ‘மறுபடி ஒருதரம் பார்க்கணும்’ என்று பெருமூச்சு விட வேண்டும். அதுதான் மரியாதை. இந்த மரியாதைதான் குடியைக் கெடுத்தது.

அன்றைக்கு எபிசோட் முடிந்து பன் தின்னும் நேரத்தில் மெக்கானிக்குக் குஷி வந்துவிட்டது. “ஒவ்வொருத்தரா சொல்லுங்க. உங்கள ரொம்ப அழ வச்ச எபிசோட் எது?”

“எரிமலைக்கு ஐஸ் வச்சு ஐஸ் வச்சு டிங்கோட கை உருகிடுமே, அது” என்று சொன்ன பேக்கரிக்காரர், சொல்லும்போதே அழுதுவிட்டார்.

“நிலாவுக்குத் தாலாட்டுப் பாடுறது. இங்க பாருங்க, இப்பக்கூட கை சிலிர்க்குது” என்று கையை நீட்டிக் காட்டினாள் பல் டாக்டர்.

“நான் இதுக்கெல்லாம் அழ மாட்டேன், என் பென்ஷனுக்குத்தான் அழுவேன்” என்றார் மாமனார்.

“அண்ணி, நீங்க?”

அண்ணி திருதிருவென விழித்தாள். நாலு பேரும் அவள் வாயையே பார்த்தார்கள். மெக்கானிக்கின் காது மடல் லேசாகச் சிவந்தது. சமையலறைக்குப் பக்கத்தில் துணி துவைக்கும் சத்தம் கடகடவென்று வந்துகொண்டிருந்தது. அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கு வந்து… அந்த வாஷிங் மெஷின் எபிசோட்.”

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.  இத்தோடு குட்டு உடைந்தது என்று அண்ணி நினைத்தபோது, பேக்கரிக்காரர் மெதுவாகத் தலையாட்டினார்.

“ஆ… ஆமா. வாஷிங் மெஷின். மறுபடி ஒருதரம் பார்க்கணும்.”

“அது ஒரே ஒரு தடவைதான் போட்டாங்க” என்றான் மெக்கானிக், கண்ணை மூடிக்கொண்டு.

“அண்ணி, சொல்லுங்க அண்ணி. உங்க வாயால கேட்கணும்” என்றாள் பல் டாக்டர்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாயிற்று. அண்ணி தொண்டையைச் செருமினாள். “ஒரு கிரகம். அங்க ஆளே கிடையாது. ஒரே ஒரு வாஷிங் மெஷின்தான். அதுதான் ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணியிருக்கு.”

“அது எப்படிம்மா போன் பண்ணும்?” என்றார் மாமனார்.

“அப்பா! குறுக்க பேசாதீங்க!”

“உள்ள ஒரே ஒரு சட்டை. யாரோ ஒருத்தன் போட்டுட்டு, ‘இதோ வந்துடறேன்’னு சொல்லிட்டுப் போனவன். வரவே இல்ல. இது பாட்டுக்கு அந்தச் சட்டையத் துவைச்சுக்கிட்டே இருக்கு. வருஷக்கணக்கா. நிறுத்தவும் மாட்டேங்குது. நிறுத்துன நேரத்துல அவன் வந்துட்டா என்ன பண்றதுன்னு பயம். கேப்டன் சிரிக்கறான். டிங் மட்டும் பக்கத்துல உட்கார்ந்து, அது மூடி மேல கையை வச்சுக்கிட்டு…”

அந்த நேரத்தில் அவர்கள் வீட்டு மெஷின் வேலை முடிந்து ‘பீப் பீப்’ என்றது. “துணிய எடுத்துப் போடலைன்னா நாறிடும்” என்று சொல்லி, கிடைத்த சந்தில் கம்பி நீட்டினாள் அண்ணி. பால்கனியில் துணி உலர்த்தும்போது, தப்பித்தோம்டா சாமி என்று தன் தோளைத் தானே தட்டிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது கூடத்தில் போர் மூண்டிருந்தது.

“டிங் அதை ஆஃப் பண்ணிடும்! அதான் முடிவு!” மெக்கானிக் எழுந்து நின்றிருந்தான்.

“ஆஃப் பண்ணாது! ஓடட்டும்னு விட்டுட்டுப் போயிடும்! எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு!” பல் டாக்டர் போர்வையை உதறிவிட்டிருந்தாள்.

“ஓடுற மோட்டார எத்தனை காலம் ஓட விடுவ? எரிஞ்சு போயிடும்டி. நிறுத்தறதுதான் இரக்கம்.”

“வலிக்குதுன்னா உடனே பிடுங்கிடறதா? நான் அப்படி வைத்தியம் பார்க்கறதில்ல.”

“நீ அன்னைக்குச் சின்னப் பிள்ளை. பாதியிலேயே தூங்கிட்ட!”

எதை வேண்டுமானாலும் சொல்லலாம், ரசிகரைப் பார்த்து தூங்கிட்ட என்று சொல்லலாமா? பல் டாக்டர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். தூங்கிய குற்றத்தைக் கேட்டு அண்ணிக்குத்தான் காது கூசியது.

போனவள் திரும்பி வருவாள் என்று பார்த்தால், ஞாயிற்றுக்கிழமை வந்தாள், கையில் கத்தரிக்கோலோடு. விஷயம் இதுதான். வருஷா வருஷம் ரசிகர் மாநாட்டுக்கு அண்ணனும் தங்கையும் சேர்ந்து ஒரே வேஷம் போடுவார்கள். ஆம்புலன்ஸில் நோயாளியைச் சுமக்கும் பதினாறு கால் ஸ்ட்ரெச்சர் பூச்சி. முன்பாதியில் அண்ணன், பின்பாதியில் தங்கை. பின்பாதிக்குக் கண்ணுக்கு ஓட்டை கிடையாது. அண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவன் போகிற வழியில் போக வேண்டியதுதான். அந்தப் பூச்சியை அலமாரியிலிருந்து எடுத்து, நட்ட நடு வயிற்றில் வெட்டி, தன் பங்கு எட்டுக் காலைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் படியிறங்கினாள். மெக்கானிக் தடுக்கவில்லை. அளவெடுத்துச் சரிபாதியாக வெட்டச் சொல்லி டேப்பை மட்டும் நீட்டினான்.

அதற்கப்புறம் நடந்த கூத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒரே வாரத்தில் ஊரிலிருக்கிற ரசிகர்கள் எல்லாரும் ஆஃப் கட்சி, ஓட்டக் கட்சி என்று இரண்டாகப் பிரிந்தார்கள். எல்லாருக்கும் அந்த எபிசோட் ஞாபகம் இருந்தது. ஒருத்தர் பின்னணி இசையை விசிலடித்துக் காட்டினார். இன்னொருத்தி நுரை எந்தப் பக்கமாக வழிந்தது என்று படம் வரைந்தாள். பேக்கரிக்காரர் வாஷிங் மெஷின் வடிவத்தில் கேக் செய்து கடை வாசலில் வைத்தார். அதை வெட்டினால் ஆஃப் கட்சி என்று ஆகிவிடும், வெட்டாவிட்டால் ஓட்டக் கட்சி என்று ஆகிவிடும். கேக் அப்படியே இருந்து பூசணம் பிடித்தது. வெளியே தூக்கிப் போடவும் மனுஷனுக்குத் தைரியம் இல்லை.

மெக்கானிக் ஒரு அடுக்குமாடியில் மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்ட லிஃப்டைச் சரிபார்க்கப் போனான். உள்ளே ஆறு பேர். கதவிடுக்கில் வாயை வைத்து, “ஒரு சந்தேகம். ஒரு மெஷின் ரொம்ப நாளா ஓடிக்கிட்டே இருக்கு. நிறுத்தலாமா, ஓட விடலாமா?” என்று கேட்டான். உள்ளேயிருந்து ஆறு பேரும் ஒரே குரலில், “ஓட விடுங்க சார்! தயவுசெஞ்சு ஓட விடுங்க!” என்று கத்தினார்கள். இவனுக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. சாப்பாட்டு நேரம் என்று சொல்லி இறங்கிப் போய்விட்டான்.

இதையெல்லாம் தூக்கி அடித்தார் மாமனார். “நானும் பார்த்திருக்கேன்” என்று ஒருநாள் ஒரே போடாகப் போட்டார். “டிப்போல பெட்டி டி.வி. இருந்துச்சு. அன்னைக்கு டிப்போவே அழுதுச்சு. ஒரு டிரைவர் ஸ்டியரிங்ல தலைய வச்சு அழுது வண்டியவே எடுக்கல.”

“முடிவு என்னப்பா?” மெக்கானிக் பாய்ந்து வந்தான்.

“முடிவுக்குள்ள என் டிரிப் டைம் வந்துடுச்சு. போயிட்டேன்.”

சிரிப்பாகத்தான் இருந்தது, அடுத்தடுத்த வெள்ளிக்கிழமைகள் வரும்வரை. பல் டாக்டர் வரவில்லை. பேக்கரிக்காரர் ஏதோ சாக்குச் சொன்னார். ஆறரை மணிக்கு மெக்கானிக் தனியாக எழுந்து நின்று, தலைமேல் கையைச் சுழற்றி, மெல்லிய குரலில் ‘வீ… ஊ…’ என்றான். அப்புறம் போர்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டான். ஒரு பாதியை மட்டும். மறுபாதி சோபாவில் அப்படியே விரிந்து கிடந்தது. அண்ணிக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

அவளுக்குத் தெரியும். அம்மா இல்லாத வீடு அது. அப்பாவுக்கு வெளியூர் பஸ்ஸில் வேலை. இரண்டு பிள்ளைகளும் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து, வாசலில் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்குமா என்று காத்துக்கொண்டே பார்த்த தொடர் அது. இரண்டு பேரும் வளர்ந்து வேறு வேறு வேலைக்குப் போய், பேசிக்கொள்ளப் பொதுவாக இருந்தது இது ஒன்றுதான். அந்த ஒன்றையும் தன் வாயால் கெடுத்துவிட்டாள். எப்படியாவது இரண்டு பேரையும் பேச வைக்க வேண்டும். தன் மானம் போனாலும் சரி.

முதலில் புருஷனிடம் சொல்லிப் பார்த்தாள். “என்னங்க, அது நான் கட்டுன கதைங்க. அப்படி ஒரு எபிசோடே இல்ல.”

மெக்கானிக் அவளையே பார்த்தான். கண் கலங்கிவிட்டது. “அவ கூட நான் சேரணும்னு உன் எபிசோடையே இல்லைன்னு சொல்றியே. உன் மனசு யாருக்கு வரும்?”

சரி, அந்தப் பக்கம் போவோம் என்று கிளினிக்குக்குப் போனாள். நோயாளியாகப் போனால்தான் உள்ளே விடுவார்கள் என்பதால் பல் வலி என்றாள். நாற்காலியில் சாய்த்து, வாயைத் திறக்க வைத்து, உறிஞ்சு குழாயையும் மாட்டியாயிற்று. “ஆ… அஆ… ஆயோ எயிஓ எயா…” என்று அண்ணி கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள்.

பல் டாக்டருக்கு அந்தப் பாஷை அத்துப்படி. “அப்படியொரு எபிசோடே இல்லையா? அண்ணனைக் காப்பாத்த நீங்க எவ்ளோ வேணா பொய் சொல்வீங்க அண்ணி. வாய இன்னும் கொஞ்சம் தொறங்க. ஒரு சொத்தை இருக்கு.”

பொய் சொன்னபோது எல்லாரும் நம்பினார்கள், உண்மையைச் சொன்னால் ஒருத்தரும் நம்பவில்லை. கூடவே, ‘உடனே பிடுங்க மாட்டேன்’ என்றவள் கையாலேயே ஒரு பல்லும் போயிற்று.

மாநாடு வந்தது. பெரிய மண்டபம். கதவுக்குக் கதவு எரிமலைகளும் நிலாக்களும் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தன. ஸ்ட்ரெச்சர் பூச்சியின் முன்பாதி எட்டுக் காலோடு ஒரு பக்கம் நடந்தது. பின்னால் பாரம் இல்லாததால் நாலடிக்கு ஒருதரம் முகம் குப்புற விழுந்தது. பின்பாதிக்கு வழி தெரியவில்லை. தூணில் முட்டியது, ஒரு நிலாவின் மேல் ஏறியது, கடைசியில் துடைப்பம் வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. முன்பாதி தூரத்திலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே நின்றது. போய்க் கையைப் பிடிக்கக் கூடாதா? வீம்பு. பேக்கரிக்காரர்தான் கதவைத் திறந்து விட்டார்.

அன்றைய முக்கிய நிகழ்ச்சியே ‘ஆஃபா, ஓட்டமா?’ விவாதம்தான். தீர்ப்புச் சொல்ல அந்தக் காலத்தில் டிங் வேஷத்துக்குள் இருந்த பெரியவரையே அழைத்திருந்தார்கள். தள்ளாத வயசு. இரண்டு பேர் தாங்கி மேடையேற்றினார்கள்.  அண்ணிக்கு உயிர் வந்தது. இந்த மனுஷர் ஒருத்தர்தான் ‘அப்படி ஒன்று நாங்கள் எடுக்கவே இல்லை’ என்று சொல்லக்கூடியவர். அவர் சொன்னால் இரண்டு பேருமே நம்புவார்கள்.

பெரியவர் மைக்கைப் பிடித்தார். கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். பாவம், அவருக்கும் அந்த மரியாதை இருந்தது போல.

“வாஷிங் மெஷின் எபிசோட்” என்று ஆரம்பித்தார். “அதை மறக்க முடியுமா? தகரத்துக்குள்ள உட்கார்ந்து நிஜமாவே அழுதேன். உள்ள துருப்பிடிச்சு, மூணு நாள் கழட்ட முடியல.”

கைத்தட்டலில் கூரை அதிர்ந்தது. “முடிவு? முடிவு என்னங்க?”

“ரெண்டும் எடுத்தோம்” என்றார் பெரியவர், இரண்டு பக்கமும் பார்த்துச் சிரித்தபடி.

அவ்வளவுதான். எடுத்தது இரண்டு என்றால் போட்டது எது? எரிமலை நிலாவின் சட்டையைப் பிடித்தது. முன்பாதி ஒரு நாற்காலி மேல் ஏறிக் கத்தியது. பின்பாதி எங்கே பார்த்துக் கத்துகிறோம் என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக் கத்தியது. அண்ணிக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. மேடையேறி, பெரியவர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள்.

“நிறுத்துங்க! எல்லாரும் நிறுத்துங்க! அப்படி ஒரு எபிசோடே கிடையாது! எங்க வீட்டு வாஷிங் மெஷின் சத்தத்தக் கேட்டு நான் அவிழ்த்து விட்ட கதை! நான் இந்தத் தொடர்ல ஒண்ணக்கூட முழுசாப் பார்த்தது இல்ல! பாட்டு முடியறதுக்குள்ள தூங்கிடுவேன்! வருஷக்கணக்கா தூங்கிக்கிட்டுத்தான் இருக்கேன்! போதுமா?”

 பெரியவர் நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், பேயைக் கண்ட மாதிரி, “பார்க்கலைன்னு சொல்லிட்டாங்க” என்றது.

எரிமலை ஒன்று எழுந்தது. “ஏங்க, பார்க்கவே இல்லைங்கறீங்க. அப்புறம் அப்படி ஒரு எபிசோட் இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

  மண்டபம் எரிமலைக்குக் கைதட்டியது. இரண்டு நிலாக்கள் வந்து, மரியாதையாகத்தான், அண்ணியை மேடையிலிருந்து இறக்கி ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தன. ஆஃப் கட்சியும் ஓட்டக் கட்சியும் ஒன்றாக நின்று அவளை முறைத்தன.

ஒரு பக்கத்திலிருந்து முன்பாதி வந்தது. இன்னொரு பக்கம் சுவரைத் தடவித் தடவிப் பின்பாதி வந்தது. இரண்டும் வேஷத்தைத் தலைவழியாகக் கழற்றின. வேர்த்து வழிந்த இரண்டு முகம்.

“அண்ணா” என்றாள் பல் டாக்டர். கத்தரிக்கோல் தினத்துக்கப்புறம் அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. “பார்க்கலையாம்ண்ணா.”

“எனக்கே தெரியாதுடி. கண்ணத் தொறந்து வச்சுக்கிட்டே தூங்கியிருக்கா.”

“நிலா எபிசோடுக்கு ‘ஐயோ பாவம்’னாங்களே!”

“எரிமலைக்கும் சொன்னாளே!”

“எதுவுமே பார்க்காம எப்படிண்ணா ஒரு மனுஷி வாழ முடியும்?”

“பாவம்டி” என்றான் மெக்கானிக்.

இரண்டு பேரும் ஒரே மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஒரே மாதிரி தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தார்கள். அண்ணிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதற்கு அடியில் அவள் மனசு துள்ளிக் குதித்தது. பேசுகிறார்கள். என்னைத் திட்டித்தான் பேசுகிறார்கள், திட்டட்டும், விடிய விடியத் திட்டட்டும்.

பேக்கரி வேனில் வீடு திரும்பினார்கள். முன்னால் ஓட்டுகிற இடத்தில் பேக்கரிக்காரர், அவர் பக்கத்தில், பன்னுக்காக மாநாட்டுக்கும் வந்திருந்த மாமனார். பின்னால் காலி ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே, மாவு மூட்டையின் மேல், அண்ணன் ஒரு பக்கமும் தங்கை ஒரு பக்கமும் அண்ணியை நடுவில் போட்டு இறுக்கி உட்கார்ந்திருந்தார்கள். தூங்கிவிடாமலிருக்க ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

“முதல்ல வாஷிங் மெஷின்லேர்ந்து ஆரம்பிப்போம். அதுதான் அண்ணி கண்டிப்பா தெரிஞ்சுக்க வேண்டியது” என்றாள் பல் டாக்டர்.

“அதை நான்தானே…” என்று ஆரம்பித்த அண்ணியை, “பேசாதீங்க, கேளுங்க” என்று அடக்கிவிட்டாள்.

சொன்னார்கள். அவன் ஒரு வாக்கியம், இவள் ஒரு வாக்கியம். அண்ணி சொல்லாததெல்லாம் வந்தது. அந்தக் கிரகத்தில் எப்போதும் சாயங்காலம்தான். மெஷினுக்கு ஒரு கால் குட்டை, அதனால் ஆடும். அதற்கு இருட்டு என்றால் பயம். அதனால் மூடியில் இருக்கும் சின்ன விளக்கை அணைக்கவே அணைக்காது.

“சட்டை நீலம்” என்றான் மெக்கானிக்.

“வெளிர் நீலம்ண்ணா. காலர்ல ரோட்டுப் புழுதி, எத்தனை துவைச்சாலும் போகாது.”

“இடது தோள்ல மட்டும் தேஞ்சு நூல் தெரியும்.”

“ஆமா. பை மாட்டுற தோள்.”

வேன் ஒரு திருப்பத்தில் திரும்பியது. அண்ணி இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் அவசரத்துக்கு விட்ட கதை அது. சொன்னதும் மறந்துபோயிருக்க வேண்டிய சரடு. ஆனால் இப்போது அந்தச் சின்ன விளக்கு அவள் கண்முன்னால் எரிந்துகொண்டிருந்தது. தூக்கம் போன இடம் தெரியவில்லை.

“நிறுத்துச்சா நிறுத்தலையாங்கறது கிடக்கட்டும்” என்றாள்.  “அந்தச் சட்டைக்காரன் வந்தானா?”

 ஊரே இரண்டு பட்டு அடித்துக்கொண்ட விஷயத்தில், இதை ஒருத்தர்கூடக் கேட்டிருக்கவில்லை. மெக்கானிக் தங்கையைப் பார்த்தான். தங்கை அண்ணனைப் பார்த்தாள்.

“வந்தாம்மா” என்றார் மாமனார்.

அவர் திரும்பவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“நீங்கதான் முடிவு பார்க்கலையேப்பா” என்றான் மெக்கானிக்.

“பார்க்கணுமா என்ன? எனக்குத் தெரியும். வந்தான். லேட்டாத்தான் வந்தான். வழியில வண்டி நின்னுபோச்சு, வேற வண்டி கிடைக்கல, நடந்தே வந்தான். அதுக்குள்ள ரெண்டும் விளக்க அணைக்காமலே தூங்கிப்போச்சு. அவன் எழுப்பல. சட்டையக் கழட்டிப் போட்டுட்டுப் பக்கத்துலயே படுத்துட்டான். காலையில மறுபடி முதல் வண்டி, கிளம்பிட்டான். அதனாலதான் அவன் வந்ததே யாருக்கும் தெரியல.”

பேக்கரிக்காரர் வேனை மெதுவாக ஓரம் கட்டினார். அவருக்கு ரோடு தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“எனக்கு ஞாபகம் இருக்குப்பா” என்றாள் பல் டாக்டர். “காலையில போர்வை கழுத்து வரைக்கும் இழுத்து விட்டிருக்கும்.”

“எனக்கும்” என்றான் மெக்கானிக்.